ஒன்றுமில்லை

பிறந்தநாளுக்கு இருக்கிறது. புதுமனைக்கு இருக்கிறது.
பதவி உயர்வுக்குப் பொன் சரிகை ஒட்டி
முருகன்குறிச்சிக் கடையில் அடுக்கியிருக்கிறார்கள்.
ஊசி குத்தி எடுத்த துணுக்கு
பதினொரு நாள் கழித்து
ஒன்றுமில்லை என்று திரும்பி வந்ததற்கு
அட்டை எதுவும் இல்லை.
கடைக்காரர் யோசித்து
"கெட் வெல் தரட்டுமா?" என்றார்.
அவளுக்குத்தான் ஒன்றுமில்லையே.

ராத்திரி பத்தரைக்குக் கணினியைத் திறந்தேன்.
நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு ஜிப் கோப்பு.
விரித்தால்
கிழிந்த காகிதம், கிழியாமலே.
தையல், நூல் இல்லாமல்.
காபிக் கறை. யார் குடித்ததோ,
டம்ளரின் வட்டம் மட்டும் வந்திருக்கிறது.
ஏழு பொத்தான்கள்,
ஒவ்வொன்றுக்கும் வலது பக்கம் சாய்ந்த நிழல்.
நிழலைத் தனியே கழற்றலாமாம்.
கழற்றிப் பார்த்தேன்.
பொத்தான் செத்ததுபோல் கிடந்தது.
திரும்பப் போட்டுவிட்டேன்.

ரோஜாவைத் தவிர
ஒரு பூவுக்கும் எனக்குப் பெயர் தெரியவில்லை.
போனில் நானே எடுத்து வைத்திருந்த
சங்குப்பூவை நறுக்கிச் சேர்த்தேன்,
எங்கள் ஆபீஸ் டிரான்ஸ்பார்மர் வேலியில் ஏறியது.
அரைமணி நேரம் மவுஸால் விளிம்பைச் சுரண்டியும்
இதழோரத்தில்
அபாயப் பலகையின் மண்டையோட்டுப் பல் ஒன்று
ஒட்டிக்கொண்டே வந்தது.
இருக்கட்டும் என்று விட்டேன்.

காலையில் சமாதானபுரத்தில் பிரிண்ட்.
பாதியில் சிவப்பு மை தீர்ந்து
ரோஜாவெல்லாம் நீலம் பாரித்து இறங்கியது.
"காசு வேண்டாங்க்கா, நாளைக்கு வாங்க" என்றான் பையன்.
நாளைக்கு எதற்கு,
சங்குப்பூவுக்குச் சொந்தக்காரி மாதிரிதானே இருக்கிறாள்.

மதியம், ரசீதுக் கட்டுகளை ஒதுக்கி
ஸ்டீல் ஸ்கேலின் முதுகால் மடிப்பு எடுத்தேன்.
வெளியே ஐப்பசி அடை மழை.
மின்வாரியத்திலேயே கரண்ட் இல்லை.

எட்டாவது பொத்தான் என் பர்சில் இருந்தது.
ஹைகிரவுண்டில் அன்று
புர்காவைக் கழற்றச் சொன்ன அவசரத்தில்
அறுந்து உருண்டது.
பெஞ்சுக்கு அடியில் மண்டிபோட்டு எடுத்தேன்,
கொடுக்க மறந்தேன்.
பதினொரு நாள் சில்லறையோடு கிடந்தது.
ஒருதரம் கண்டக்டரிடம் நீட்டியும் விட்டேன்.
அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
திருப்பித் தந்தார்.

அச்சுத் தையல் முடிகிற இடத்தில்
கறுப்பு நூலால் அதைத் தைத்தேன்.
அதன் நிழல் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.
எமர்ஜென்சி விளக்கைத் தூக்கினால் நகர்ந்தது.

உள்ளே என்ன எழுத?
'ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.
தேதி போட்டேன்.

செய்யதலி பாத்திமா
அட்டையை முகத்தருகே பிடித்தாள்.
"ஏட்டீ, இது ஒட்டுனதா, அச்சடிச்சதா?"
கறையைச் சுரண்டினாள். தையலைச் சுரண்டினாள்.
பல்லைக் காட்டி, "இது யாரு?" என்றாள்.
பொத்தான்களுக்கு வந்தாள்.
வழுக்கிக்கொண்டே போன நகம்
எட்டாவதில் தட்டி நின்றது.

கொஞ்சநேரம் பேச்சில்லை.
பிறகு மேஜைக் கத்தரியை எடுத்து
நூலை அறுத்து
பொத்தானை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.
"இதத்தான் வீடு பூரா தேடுதேன்.
இத்தன நாளும் ஊக்கக் குத்திக்கிட்டுல்லா திரிஞ்சேன்."

அட்டையை மானிட்டரில் சாய்த்து வைத்தாள்.
பொத்தான் இருந்த இடத்தில்
ஊசி போன இரண்டு ஓட்டை.
கரண்ட் வந்தது.
திரை விழித்து
இரண்டு புள்ளி வெளிச்சம் அட்டை வழியாக எட்டிப் பார்த்தது.

கவுண்டரில் ஒரு நனைந்த கை கார்டை நீட்டியது.
"நம்பர் மறைக்கு" என்று
அட்டையை ஓரமாக நகர்த்தினாள்.